‘எப்போ வருவார்?’: போக்கர் போட்டிக்குப் போகிறவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் காட்பாடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு வேலூர் சத்துவாச்சாரி. கணவருக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளி இரவு காட்பாடியில் வந்து இறங்குவார், திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். வேலை போக, பல வருடமாகப் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கோவா, ஒரே ஒரு தடவை அமெரிக்கா. எனக்கு இந்த ஆட்டம் ஆடத் தெரியாது. ஒரு வீட்டுக்குள் அது என்ன செய்யும் என்பது தெரியும். அவரோடு ஆடுகிறவர்களின் மனைவிமார், அம்மாமார் சிலர் ஆம்பூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் எனக்கு போன் செய்வார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்தான் இங்கே இருக்கிறது.

போக்கர் என்பது நம்ம ரம்மி மாதிரிதானே?

சீட்டுக்கட்டு ஒன்றுதான், ஆட்டம் வேறு. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக. எவ்வளவு கட்டுகிறோம், எப்போது விலகுகிறோம் என்பதை வைத்து எதிராளியைக் குழப்புவதுதான் இதில் பாதி ஆட்டம்.

டோர்னமென்ட்டில் எல்லாரும் ஒரே நுழைவுப் பணம் கட்டி, ஒரே அளவு சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள், வாங்கிக்கொள்வார்கள். நடுவில் அந்த சிப்ஸைக் கொடுத்துப் பணமாக்க முடியாது. சிப்ஸ் தீர்ந்தால் வெளியே. கடைசி ஆள் மிஞ்சும்வரை ஆட்டம் ஓடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா முதலில் “உங்க வீட்டுக்காரர் சீட்டு பிடிக்கிறாராமே, மாசம் எவ்வளவு கட்டணும்?” என்று கேட்டார். சீட்டு ஆடுகிறார் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

எப்போது முடியும் என்று அவரால் ஏன் சொல்ல முடியவில்லை? வேண்டுமென்றே மறைக்கிறாரா?

மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

பிளைண்ட் என்று ஒரு கட்டாயப் பந்தயம் உண்டு. ஒருதடவை சீட்டு போட்டு ஆடி முடிப்பதை ஒரு கை என்பார்கள். ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் முறைவைத்து அதைப் போட வேண்டும். அரைமணிக்கோ ஒருமணிக்கோ ஒருமுறை அந்தத் தொகை ஏறும். ஏற ஏற, சிப்ஸ் குறைவாக வைத்திருப்பவர்கள் உதிர்வார்கள். எத்தனை பேர் எந்த நேரத்தில் உதிர்வார்கள் என்பதை நடத்துகிறவர்களும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். பெரிய போட்டி என்றால் முதல் நாளையே இரண்டு மூன்றாகப் பிரித்து வைப்பார்கள். டே 1 ஏ-யில் மிஞ்சினவர், டே 1 பி-யில் மிஞ்சினவர் எல்லாரும் டே 2-வில் சேர்வார்கள். ஒரு நாள் என்பது 10, 12 மணி நேரம்.

தோற்றால் வீட்டுக்கு வந்துவிடலாமே என்றால், அதுவும் உறுதியில்லை. ரீ-என்ட்ரி என்று இன்னொரு தடவை பணம் கட்டி உள்ளே போகலாம். ‘ஏ’யில் தோற்றவர் ‘பி’யில் உட்காருவார். அதிலும் தோற்றால் பக்கத்து மண்டபத்தில் சின்னப் போட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

உலகத்திலேயே பேர்பெற்ற போட்டி அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர். 1970இல் ஆரம்பித்தது. அதன் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட் ஏறத்தாழ இரண்டு வாரம் ஓடும். 2018ஆம் வருட இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பேர் மட்டும் 10 மணி நேரத்துக்குமேல், 199 கை ஆடினார்கள். 2008 முதல் 2016 வரை இன்னொரு வழக்கம் இருந்தது. ஜூலையில் ஒன்பது பேர் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், மிச்சத்தை நவம்பர் வாக்கில் ஆடுவார்கள். அந்த ஒன்பது வீடுகளிலும் நான்கு மாதம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன்.

இதைவிடக் கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் சீக்கிரம் வீட்டுக்கு வருவது என்றால் தோற்பது. ஜெயிக்க ஜெயிக்க நாள் நீளும். என் மகளின் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவர் தோற்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. ஆம்பூரிலிருந்து பேசும் பெண் ஒருத்தி இதையே அழுதுகொண்டே சொன்னபோதுதான், நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. நீங்களும் அப்படி வேண்டியிருந்தால், நீங்கள் கெட்டவர் இல்லை. ஆட்டத்தின் அமைப்பே அப்படி.

வீட்டில் அவசரம் என்றால் எழுந்து வர முடியாதா?

முடியும், யாரும் கதவைப் பூட்டி வைப்பதில்லை. ஆனால் எழுந்து போனாலும் அவருடைய இடத்துக்குச் சீட்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள், முறை வரும்போது அவருடைய சிப்ஸிலிருந்து பிளைண்டை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆள் இல்லாமலேயே கரைந்து தீரும். கையில் சீட்டு இருக்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது மேசை விதி. நாம் கூப்பிடும்போது எடுக்கவில்லை என்றால் அது அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். சாயங்காலம் ஏழு மணி. மணிக்கட்டு வீங்கி, கை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது. கணவருக்கு ஆறு தடவை போன் அடித்தேன். அப்போது அங்கே பபிள் நேரம். இன்னும் சிலர் வெளியேறினால் மிச்சமிருக்கும் எல்லாருக்கும் பரிசு என்ற கட்டம் அது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கை முடியும்வரை மற்ற மேசைகள் காத்திருக்கும், ஊர்ந்துதான் நகரும். ஆட்டோ பிடித்து, மகளை எதிர்வீட்டில் விட்டு, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போடக் காத்திருந்தபோது இடைவேளையில் அவர் கூப்பிட்டார். குரலே சரியில்லை. “கிளம்பட்டுமா?” என்றார். “பரவால்ல, நான் பாத்துக்கறேன், நீங்க ஆடுங்க” என்று சொன்னேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ‘பரவால்ல’ எங்கள் வீட்டில் நான்கு மாதம் கிடந்தது. அவர் ஏன் கேட்டார், கேட்காமலே கிளம்பியிருக்கலாமே என்று எனக்கு. நீதானே ஆடச் சொன்னாய் என்று அவருக்கு. இரண்டுமே நியாயம். அதனால்தான் தீரவில்லை.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். ‘வா’ என்று ஒரே எழுத்தில் செய்தி அனுப்பினால், கேள்வி இல்லை, விளக்கம் இல்லை, எழுந்து பையை எடுக்க வேண்டும். அந்த எழுத்தை நான் சும்மா அனுப்ப மாட்டேன் என்பது என் பக்கத்து வாக்கு. இதுவரை ஒரு தடவைதான் அனுப்பினேன், அவருடைய பெரியப்பா தவறியபோது. டே 2-வில் நல்ல நிலையில் இருந்தார். மேசையில் அப்படியே சிப்ஸை விட்டுவிட்டு பெங்களூருக்கு விமானம் ஏறி, அங்கிருந்து கார் பிடித்து, எடுக்கும் நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சொல்லை, எல்லாரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், முன்கூட்டியே பேசி வையுங்கள். அவசரத்தின் நடுவில் பேரம் பேச முடியாது.

வெளிநாட்டுப் போட்டி என்றால் எப்படிச் சமாளிப்பது?

2019 ஜூனில் அவர் லாஸ் வேகாஸ் போனார். மெயின் ஈவென்ட் இல்லை, அதற்கு நுழைவே 10,000 டாலர். சின்னப் போட்டிகள் மூன்று ஆடினார். மொத்தம் 22 நாள். அந்த ஜூனில்தான் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள்.

கோடையில் லாஸ் வேகாஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அவர் ஆட உட்காரும்போது இங்கே நடு ராத்திரி. அவருக்குச் சாயங்காலச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது இங்கே காலை ஏழு, ஏழேகால். சத்துவாச்சாரியில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குக்கர் இரண்டாவது விசில், குடத்தில் தண்ணீர், ஒரு கையில் சீப்பு, மகள் தலை என் முழங்கால்களுக்கு நடுவே, போன் ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருக்கும். “நைனா, இன்னைக்கு எனக்கு ரெட்டை ஜடை” என்று அவள் திரும்பிக் காட்டுவாள், வகிடு கோணும். அங்கே அவர் ஒரு பேப்பர் தட்டில் ஏதோ வைத்து நின்றுகொண்டே தின்றுகொண்டிருப்பார். பத்து நிமிடம். அவ்வளவுதான் எங்கள் குடும்பம் அந்த மூன்று வாரமும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பணம், வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எதையும் பேசக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவற்றை எழுதி அனுப்பிவிடுவேன். குழந்தையின் நேரம் குழந்தைக்கே.

ஜெயித்தால் நல்லதுதானே? பெரிய தொகை வருமே?

வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து மெயின் ஈவென்ட்டுக்குப் போய் 25 லட்சம் டாலர் எடுத்தார். அந்த ஒரு கதையைக் கேட்டுத்தான் உலகம் முழுக்க இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் பல பேர். 2024 மெயின் ஈவென்ட்டில் 10,112 பதிவுகள், முதல் பரிசு 1 கோடி டாலர். ஆனால் அந்தப் போட்டியில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசே உண்டு. பரிசு வாங்குகிறவர்களிலும் அடிவரிசையில் இருப்பவர்களுக்கு, கட்டினதைப்போல ஒன்றரை மடங்குதான் கிடைக்கும். பெரிய தொகை எல்லாம் கடைசி ஒன்பது பேர் மேசையில். நன்றாக ஆடுகிறவரும் மாதக்கணக்கில் வெறுங்கையோடு வருவார். மாதச் சம்பளம் மாதிரி இதை நினைத்து இஎம்ஐ போடாதீர்கள்.

வரி பற்றி நிறைய பேருக்குத் தெரியவில்லை. கணக்கு டீச்சராக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பரிசுத் தொகைக்கு 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. சேர்த்தால் 31.2 சதவீதம். வேறு போட்டிகளில் தோற்ற பணத்தை இதில் கழிக்க முடியாது. விமான டிக்கெட், லாட்ஜ் வாடகை எதுவும் கழியாது. ஒருவர் 50,000 ரூபாய் நுழைவுள்ள ஐந்து போட்டி ஆடுகிறார் என்று வைப்போம். நான்கில் ஒன்றுமில்லை, ஐந்தாவதில் 3 லட்சம். ஊருக்கு போன் செய்து “மூணு லட்சம் ஜெயிச்சிட்டேன்” என்பார், அத்தை தெருவுக்கெல்லாம் சொல்வார். வரி 93,600 போகக் கையில் வருவது 2,06,400. கட்டினது 2,50,000. ஆக 43,600 ரூபாய் நஷ்டம், பயணச் செலவு தனி. வீட்டில் சொந்தக்காரர்கள் கைமாற்று கேட்க வருவது அந்த மூணு லட்சத்தைக் கேள்விப்பட்டுத்தான்.

நாங்கள் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். தேதி, நுழைவு, ரீ-என்ட்ரி, பயணம், பரிசு, வரி என்று கட்டம் போட்டிருக்கிறேன். கடைசியில் நானாகச் சேர்த்த கட்டம் ஒன்று, ‘வீட்டில் தவறியது’. அதில் பணம் வராது. ‘ஆண்டு விழா, மகள் நடனம்’, ‘அத்தை கண் ஆபரேஷன்’, ‘கெங்கையம்மன் சிரசு’ என்று எழுதியிருக்கும். குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, எங்கள் மாமனார் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் கூடியாக வேண்டும்.

ஆடும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வீட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் அங்கே போகக்கூடாது. அந்தக் கணக்கு தீர்ந்தால் ஆட்டம் நின்றுவிட வேண்டும், நகை அடகுக்கடை வாசல் ஏறக்கூடாது. இந்த இரண்டையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், மற்ற எந்த ஏற்பாடும் நிற்காது.

நண்பர்கள் பணம் போட்டு அனுப்புகிறார்களாம். அது நல்லதா?

ஸ்டேக்கிங் என்பார்கள். ஒருவர் நுழைவுப் பணம் போடுவார், ஜெயித்தால் பங்கு. சில ஒப்பந்தங்களில் தோற்ற தொகை சேர்ந்துகொண்டே போகும், பின்னால் ஜெயிக்கும்போது முதலில் அதைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். நம் பணம் போகவில்லை என்ற நிம்மதி இருக்கும், ஆனால் ‘அந்தக் கடன் தீரும்வரை ஆடியாக வேண்டும்’ என்ற கட்டாயம் வந்துவிடும். எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடம் மட்டும் வேண்டாம். மாமன் மச்சான் பணத்தோடு ஆடித் தோற்றால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார முடியாது.

ஆன்லைனில் வீட்டிலிருந்தே ஆடினால் பிரிவு இல்லையே?

ஊரடங்கு காலத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆள் வீட்டில்தான் இருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் போட்டி விடியற்காலை மூன்று நான்குக்கு முடியும். ஒரே அறை. ஃபேன் சத்தத்துக்கு நடுவே மவுஸ் கிளிக், மகள் முகத்தில் திரையின் நீல வெளிச்சம். எட்டடி தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட முடியாமல் இருப்பது, கோவாவில் இருக்கிறவரைக் கூப்பிட முடியாமல் இருப்பதைவிட எனக்குக் கனமாக இருந்தது.

இப்போது சட்டம் மாறிவிட்டது. தமிழக அரசு 2020 நவம்பரில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கரைத் தடை செய்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் புதுச் சட்டம் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், இவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீதிமன்றம் நீக்கியது. 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது. இத்தனை வருடச் சட்டங்களில், ஒரு வீட்டின் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதியது அந்த ஐந்து மணி நேர விதிதான் என்பது என் எண்ணம்.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது யாராவது ரகசிய லிங்க் அனுப்பி ‘வெளிநாட்டு சைட், ஒன்றும் ஆகாது’ என்றால் நம்பாதீர்கள். பணம் மாட்டிக்கொண்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

கோவா வேறு. அங்கே மாநிலச் சட்டமே கேசினோவை அனுமதிக்கிறது. 1996 முதல் கப்பல்களிலும். பணஜியில் மாண்டோவி ஆற்றில் வரிசையாக நிற்பவை அவைதான்.

வீட்டுப் பெரியவர்கள் இதைச் சூதாட்டம் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வட ஆற்காட்டில் பிறந்தவர்களுக்குச் சூது என்றால் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தருமர் ஒவ்வொன்றாக வைத்து ஆடித் தோற்கும் ராத்திரி, அதற்குப் பின் துகில் உரியும் கட்டம், விடிய விடியக் கண் விழித்து, அழுது பார்த்தது. எங்கள் அத்தை அந்தக் கட்டத்தில் இன்றும் எழுந்து நின்று கைகூப்புவார். அவரிடம் போய் ‘இது திறமை விளையாட்டு, கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று வாதாடினால் நிற்காது. அவருக்கு வேண்டியது வீட்டை வைத்து ஆடமாட்டான் என்ற உறுதி. நீல நோட்டை ஒருநாள் அவர் முன்னால் பிரித்து, ‘இவ்வளவுதான் அத்தை, இதுக்கு மேல போகாது’ என்று காட்டினேன். அன்றிலிருந்து திட்டுவது நிற்கவில்லை, பயப்படுவது குறைந்தது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

உண்மையை. “ஆபீஸ் வேலையா போயிருக்கார்” என்று நான் இரண்டு தடவை பொய் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா ஒரு போட்டிக்குப் போயிருக்கிறார், பணம் கட்டி ஆடுவது, பெரியவர்களுக்கானது, பெரும்பாலும் தோற்பார், இந்தத் தேதிக்குள் வந்துவிடுவார் என்று சொல்லுங்கள். அந்தத் தேதியை அவர் தள்ளக்கூடாது. டே 3-க்குப் போனால் என்ன செய்வது என்று ஆடுகிறவர்கள் கேட்பார்கள். தேதியைச் சொல்லும்போதே கடைசி நாள் வரை கணக்கில் வைத்துச் சொல்லட்டும், முன்னால் வந்தால் குழந்தைக்குக் கொண்டாட்டம். ஜெயித்துவிட்டு வந்தால் பொம்மை, தோற்றால் ஒன்றுமில்லை என்றும் பழக்காதீர்கள். குழந்தையும் ஆட்டத்தில் உட்கார்ந்துவிடும். எப்போது போனாலும் ஒரே சாமான்தான், கோவாவிலிருந்து முந்திரிப்பருப்பு.

அம்மா ஆடினால்?

இதே கேள்விகள்தான், இன்னும் கூட்டி. ஆண் போனால் ‘சம்பாதிக்கப் போயிருக்கான்’ என்று சிலராவது சொல்வார்கள். பெண் போனால் பிள்ளையை யாரிடம் விட்டாள் என்பதுதான் முதல் பேச்சு. அப்படிப் போகிற ஒருத்தியை எனக்குத் தெரியும், அவளுடைய அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவின் முதுகுவலியையும் நோட்டில் எழுத வேண்டும்.

இது ஆட்டமா, போதையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நாள் கணக்கை வைத்து இல்லை. மூன்று நாள் போட்டி ஆடிவிட்டு வந்து, தோற்றதைத் தோற்றேன் என்று சொல்லி, அடுத்த மூன்று மாதம் சும்மா இருக்கிறவர் ஆட்டக்காரர். தோற்ற தொகையைக் குறைத்துச் சொல்வது, விட்டதைப் பிடிக்க உடனே இன்னொன்றில் உட்காருவது, உங்களுக்குத் தெரியாமல் கடன் வாங்குவது, ஆடாத நாளில் எரிந்து விழுவது, நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்த முடியாமல் போவது, இவை தெரிந்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நோய் என்றால் சிகிச்சையும் உண்டு. திட்டினால் போகாது, சத்தியம் வாங்கினாலும் போகாது.

இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1950களிலிருந்து இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை இந்தியாவில் முன்னோடியாகச் செய்த இடங்களில் அது ஒன்று. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். மனைவியும் கூப்பிடலாம், அம்மாவும் கூப்பிடலாம். அவர் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கடன்காரர் வாசலுக்கு வந்துவிட்டால், உயிரை விடுவதுபோல அவர் பேசினால், அன்றைக்கே, அந்த மணியிலேயே கூப்பிடுங்கள்.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகப்போகிறது. பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டும். வெற்றிலைபாக்கு மாற்றுவதற்கு முன்பே. பெண்ணிடம் அவனே நேரில் சொல்ல வேண்டும், அதுவும் தொகையோடு. வருடத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம், இதுவரை எவ்வளவு போயிருக்கிறது. எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, மூன்றாம் மாதம், ஆடிச் சீர் வந்த வாரத்தில். தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று அவர் கேட்டார். சொல்லியிருக்க மாட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இருந்தது, அதுதான் போய்விட்டது.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஏன் யாரோடும் பேசுவதில்லை? அப்போது நாம் என்ன செய்வது?

தூக்கம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மூன்று நாள் இப்படி உட்கார்ந்து, ஒவ்வொரு கையையும் யோசித்து யோசித்து முடித்தவர் அவர். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகின ஆட்டம் வேறு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த முகத்தையும் கழற்ற வராது, ஒரு நாளாவது ஆகும்.

முதலில் ஒன்று. பெங்களூரில் இறங்கி, விட்டுவைத்த காரை எடுத்துக்கொண்டு ராத்திரியில் ஓட்டிவர விடாதீர்கள். 200 கிலோமீட்டருக்கு மேல், லாரி ஓடும் நெடுஞ்சாலை. ரயிலில் காட்பாடி வரட்டும், அலாரம் வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது.

வந்ததும் சுடுசோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். கேள்வி வேண்டாம். ஜெயித்தாரா தோற்றாரா என்பது எப்படியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வந்து சேர்ந்த நாளே சொல்லிவிடும். மகளுக்கு ஒரு மணி நேரம். தெருமுனைக் கடை வரை நடந்துவிட்டு வருவார்கள், வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை. அப்புறம் தூங்கட்டும்.

நோட்டை மூன்றாம் நாள் ராத்திரி எடுப்போம், அத்தையும் மகளும் படுத்த பிறகு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து. நுழைவு, ரீ-என்ட்ரி, பயணம் எல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதுவேன். கடைசிக் கட்டம் வரும்போது பேனாவை அவரிடம் கொடுத்துவிடுவேன். நான் சொல்வேன், அவர் எழுதுவார்.